கருத்தியம்மா வீட்டுக்கு அண்டா கிடையாது

மாப்பிள்ளை வீட்டார் வந்து தேதி குறித்துவிட்டுப் போன மறுநாள் காலை. பின்கட்டில் உட்கார்ந்து பெரிய அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புளித் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்து அரித்தது. கறுத்துக் கிடந்த பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குப் பிடிக்காது.

மஞ்சுவுக்கு அது தெரியும். தெரிந்தும் காப்பித் தம்ளரோடு வந்து படியில் உட்கார்ந்தாள். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு ஒரு தனி மிடுக்கு வந்துவிடுகிறது.

"ம்மா, பந்தக்கால் அன்னைக்குத் தெருவுக்கே சாப்பாடு போடறோம் இல்ல, அது இந்த அண்டாலதான ஆக்கப் போறோம்?"

தேய்த்த கை நின்றுவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"சட்டம் பேசாத. எனக்கும் தெரியும். அதுக்குத்தான் இப்பவே சொல்றேன். இத்தன வருஷமா எல்லார் வூட்டுக் கல்யாணத்துக்கும் நீதான் தூக்கிக் குடுத்த. எங் கல்யாணத்துக்கு மட்டும் வாடக அண்டா வந்துச்சின்னா நான் எலையில உக்கார மாட்டேன், ஆமா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் காப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனாள். என் மகள் காப்பியை மிச்சம் வைத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

தெருவின் சொத்து

இந்த அண்டாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் தெரு முதலியார்பேட்டையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வளைந்து போகிற ஒரு குறுக்குத் தெரு. மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வாசலுக்கு வாசல் மில்காரர்கள். ஏதோ ஒரு தீபாவளி போனஸில் எல்லோரும் சேர்ந்து கல்யாணப் பாத்திரம் வாங்கினார்கள். பித்தளையில் ஒரு பெரிய அண்டா, ஒரு சின்ன அண்டா, பிரியாணிக்கு அலுமினிய தேக்சா, மூடிகள், நீள நீளமான கரண்டிகள். யார் பெயரும் வெட்டவில்லை. பெரிய அண்டாவின் கழுத்தில் 'தெரு' என்று மட்டும் இருக்கும். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். வெட்டியவர் அதற்கு மேல் மெனக்கெடவில்லை.

தெருவின் சொத்தாக இருந்தாலும் யாராவது ஒரு வீட்டில்தானே வைக்க வேண்டும்? வைத்துப் பார்த்துக்கொள்கிறவளுக்குப் பெயர் கருத்தியம்மா. கருத்தாகப் பார்த்துக்கொள்வதால் அந்தப் பெயர் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். முதல் கருத்தியம்மா யார் என்பதில் மட்டும் தெருவில் இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சியும் இன்றுவரை ஒரே பந்தியில் உட்காராது.

சட்டம் எளிது. யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும். நேற்று சண்டை போட்டவளாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். திரும்பி வரும்போது பாத்திரம் வெறுமனே வரக்கூடாது. அந்த விசேஷத்துப் பலகாரமோ, ஒரு பிடி அரிசியோ உள்ளே இருக்க வேண்டும். மூன்றாவது சட்டம்தான் என் கழுத்தைப் பிடித்தது. கருத்தியம்மா வீட்டு விசேஷத்துக்கு அந்தப் பாத்திரத்தை எடுக்கக் கூடாது.

ஏன் என்று புதிதாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை. கைக்குப் பக்கத்தில் இருக்கிற பொருளை ஒரு தடவை எடுத்து ஆண்டால், இரண்டாம் தடவை அது நம்முடையது மாதிரித் தெரியும். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டால், "எங்க அண்டாவா?" என்று வாய் தானாகக் கேட்கும். என்னை எனக்குத் தெரியும். நான் நிச்சயம் கேட்டிருப்பேன்.

வீட்டில் விசேஷம் வந்தால் ஒரே வழி, பொறுப்பை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லோரையும் போல அவள் வாசலில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஒரு முடிச்சு. கருத்தியம்மாவை யாரும் நியமிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் தெரு கூடியிருக்கும்போது, அவளாக வாய்விட்டு "எனக்குக் குடுங்க" என்று கேட்க வேண்டும்.

நான் கேட்டு வாங்கிய உத்தியோகம்

எனக்கு முன்னால் இருந்தவள் மகனுக்குப் பெண் பார்த்தபோது குழாயடியில் இதே பேச்சு வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பால்வாடி டீச்சர் வேலை. பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லிச் சொல்லிப் பழக்கம் போல, என் கை தானாக மேலே போய்விட்டது. "எனக்குக் குடுங்க" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி. இருப்பது இரண்டே அறை. அதில் ஒன்றின் மூலை முழுக்க அண்டா. "சம்பளமில்லாத உத்தியோகம், அதுக்கு ஒரு ரூமு வேற" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த உத்தியோகத்தில் இருக்கிற சுகம் அவருக்கு எங்கே தெரியும்? யார் வீட்டில் காது குத்து, யாருக்கு வளைகாப்பு, எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வரும். பக்கத்து வீட்டு சரோஜாவுக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல். மஞ்சு குழந்தையாக இருந்தபோது சின்ன அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்து பாடுவாள். குரல் கணீரென்று எதிரொலிக்கும். "க்கா, இதுவும் பாத்திரத்த எடுத்து ஆள்றதுதான்" என்று சரோஜா ஜன்னல் வழியே சட்டம் பேசுவாள். உடனே பிள்ளையை வெளியே தூக்கிவிடுவேன்.

கருவாட்டு அண்டா

தெருவைத் தாண்டி அண்டா போனது ஒரே ஒரு தடவை. சுனாமியில் கடல் உள்ளே வந்த வருஷம். எங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து சாம்பார் சாதம் கிளறி மினி வேனில் ஏற்றினோம். வடக்கே கனகசெட்டிக்குளத்துக்கு வேன் போனது. அங்கே ஆக்கிப் போடவும் பாத்திரம் இல்லை என்று தெரிந்ததும், "இது அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரோஜாகூட அன்று சட்டம் பேசவில்லை.

மாதங்கள் கழிந்தன. அண்டா அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அதே மாதிரி ஒரு வேன் வாசலில் நின்றது. ஒரு மீனவப் பெண்மணி இறங்கி, முதலியார்பேட்டை முழுக்க விசாரித்து வந்த களைப்போடு, "இதுல 'தெரு'ன்னு போட்டிருக்கு, எந்தத் தெருன்னு போடலையே தாயி" என்றார். அண்டா நிறையக் கருவாடு.

"மறுபடி கடலுக்குப் போவ ஆரம்பிச்சிட்டாங்க. வெறும் பாத்திரமா எப்படிக் குடுக்கறது?" என்றார். எங்கள் சட்டம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சிரித்தார்.

கருவாடு தெரு முழுக்கப் பங்கு போனது. அடுத்த வாரம் கோயிலில் அன்னதானம்! புளி, சாம்பல், எலுமிச்சம்பழம், வேப்பிலை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அண்டா வஞ்சிரம் மணத்தது. அந்த வருஷத்துச் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்ட யாரும் வாய் திறக்கவில்லை. ஏலக்காய் மட்டும் வழக்கத்தைவிட அதிகம் என்று குருக்கள் சொன்னார்.

டைல்ஸ் போட்ட வீடுகள்

மஞ்சு பேச்சுக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே ஆள் தேடக் கிளம்பிவிட்டேன்.

மில் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் தலையெடுத்து வீடுகளை எடுத்துக் கட்டியிருந்தார்கள். கல்யாணம் என்றால் மண்டபம், சமையல் கான்ட்ராக்ட் என்று ஆகிவிட்டது. அண்டா கேட்டு வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். இந்த நேரத்தில் அதைச் சுமக்க யார் வருவார்கள்?

"புதுசா டைல்ஸ் போட்டிருக்கோம் டீச்சர், கீறல் வுழுந்துடும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வீட்டில் அண்டா வைக்க வேண்டிய மூலையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. கடைசியாக சரோஜாவிடம் போனேன். இத்தனை வருஷம் எரிந்த வயிறு, இப்போதாவது கேட்பாள் என்று நம்பினேன்.

"க்கா, உன்ன மாதிரி எனக்கு முடியாது. யாராச்சும் கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவேன். எனக்குத் தெரியாதா என் வாயப் பத்தி?" என்றாள். அவள் சொன்னது நிஜம். அதனால் கோபம்கூட வரவில்லை.

வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடி மெல்ல ஆரம்பித்தார். "ஒரு நாளைக்கு நம்மளே எடுத்துக்கிட்டா யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்புறம் என்னா?"

"நான் கேப்பேன்ங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். மஞ்சு உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாடகை அண்டா என்றால் இலையில் உட்கார மாட்டேன் என்று அவள் மறுபடி சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மேரி உத்தியோகம்

பத்திரிகை வைக்கப் போனபோதுதான் ரோசலின் மதாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்கள் ஊரில் பிறந்து சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போனவர், தெருக்கோடி ஓட்டு வீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தனி ஆள். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. தினமும் காலையில் நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். அங்கே 'மேரி'யில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்று சரோஜா தெருவுக்கே சொல்லியிருந்தாள். மேரி என்றால் எங்கள் ஊரில் முனிசிபாலிட்டி. எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வார்த்தை. அதனால் எல்லோரும் கொஞ்சம் தள்ளியே நின்றோம். குழாயடிப் பேச்சுக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், என் முகத்தைப் பார்த்தார். "பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க ஏன் இப்பிடி இருக்கீங்க தனம்?"

யாரிடமும் கொட்டாமல் வைத்திருந்தது அவரிடம் கொட்டிவிட்டது. அண்டா, சட்டம், டைல்ஸ் எல்லாம் சொன்னேன். அவர் ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. பாத்திரத்தப் பாத்துக்கறவங்களுக்கு என்னா பேரு சொன்னீங்க?"

"கருத்தியம்மா. கருத்தா பாத்துக்கறதால..."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"கருத்தியம்மா."

மதாம் சிரிக்க ஆரம்பித்தார். முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணீரைத் துடைத்தார். மறுபடி சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது.

"கார்தியென்! அது பிரெஞ்சு வார்த்தை, தனம்! அங்க ஒவ்வொரு பில்டிங்குக்கும் ஒரு கார்தியென் இருப்பாங்க. எல்லாத்தையும் காவல் காத்துப் பாத்துக்கறவங்க. உங்க மில்லுல வெள்ளக்காரங்க இருந்தப்ப யாரோ சொல்லியிருப்பாங்க, நீங்க எல்லாம் அம்மா சேத்துட்டீங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "நான் பிரான்ஸ்ல என்னா வேல பாத்தேன்னு நெனச்சிக்கிட்டிருக்கீங்க?"

"மேரில பெரிய..."

அடுத்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"நான் கார்தியென்! பாரீசுக்கு வெளிய ஒரு மாடி பில்டிங்கு. படிக்கட்டு தொடைப்பேன், குப்ப எறக்குவேன், தபால் குடுப்பேன். யாராச்சும் ஊருக்குப் போனா சாவி எங்கிட்டதான். செடிக்குத் தண்ணி ஊத்தணும், பூனைக்குச் சோறு வெக்கணும். அத்தன வூட்டு சாவியும் என் இடுப்புல தொங்கும். ஒரு வூடும் என்னுது இல்ல."

அவர் குரல் தணிந்தது. "இங்க வந்த பின்னாடி ஒரே ஒரு சாவிதான். என் வூட்டுது. எதுவோ கொறையுதுன்னு தோணிக்கிட்டே இருக்கும், என்னான்னு தெரியல. உங்க கிட்ட கேட்டா குடுப்பீங்களா?"

"எங்கிட்ட கேக்கக் கூடாது மதாம். ஞாயித்துக்கிழம குழாயடில கேக்கணும்."

வந்தார். இஸ்திரி போட்ட பூப்போட்ட கவுனும், கையில் அதே நீள ரொட்டியுமாக வந்தார். குடங்கள் எல்லாம் ஓரமாக ஒதுங்கின. "எனக்குக் குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். சரோஜாதான் முதலில் வாய் திறந்தாள். "உங்க வூட்ல டைல்ஸா மதாம்?"

"இல்ல. செவப்புத் தரை."

"அப்பச் சரி" என்றாள் சரோஜா. தெரு சிரித்தது. முடிந்தது.

அத்தான்!

பந்தக்கால் சாப்பாட்டைப் பற்றி இன்றும் தெருவில் பேச்சு உண்டு. காரணம் சாப்பாடு இல்லை. மதாம்.

காலையில் அடுப்பு மூட்டியதிலிருந்து ஏப்ரன் கட்டிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். சமையல்காரர் ஏழுமலை, மீசையும் தொந்தியுமாகப் பெரிய ஆள். யாரும் தன்னை மேற்பார்வை பார்ப்பது அவருக்கு ஆகாது. அடி பிடித்த சாம்பாரை இரும்புக் கரண்டியால் சுரண்டப் போனார். உள்ளே பூசியிருக்கிற ஈயம் போய்விடுமே! மதாம் அலறினார்.

"அத்தான்சியோன்!"

பிரெஞ்சில் அதற்கு 'ஜாக்கிரதை' என்று அர்த்தமாம். ஏழுமலைக்குக் கேட்டது முதல் பாதி மட்டும். கரண்டி கையிலிருந்து நழுவியது. அந்தப் பெரிய மீசை முகம் காது வரைக்கும் சிவந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அந்தம்மா என்னைப் போயி அத்தான்னு கூப்புடறாங்க. எனக்குக் கல்யாணமாயி பேத்தி இருக்கு, சொல்லி வையிங்க" என்றார். நான் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு மதாம் எத்தனை தடவை கத்தினாலும் ஏழுமலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றார். அண்டாவில் ஒரு கீறல் விழவில்லை.

மஞ்சு இலையில் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினாள். ரசத்துக்கு வரும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அண்டா நடந்து வந்த காலை

சாப்பாட்டை முந்திச் சொல்லிவிட்டேன். என் மனதில் ஊறிக் கிடப்பது அதற்கு முந்தின நாள் காலைதான்.

எங்கள் வீட்டு மூலை ஒரு வாரமாகக் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் அங்கே சைக்கிளை நிறுத்திப் பார்த்து, அவருக்கே பிடிக்காமல் வெளியே எடுத்துவிட்டார். நான் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். தெருக்கோடிதான், நூறு எட்டு தூரம்கூட இருக்காது. ஆனால் வழியில் இரண்டு தடவை நின்று பூவைச் சரிசெய்தேன். எத்தனை பெண்கள் என் வாசலில் இப்படி வந்து நின்றிருப்பார்கள்! வெற்றிலைத் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துப் பேசுவார்கள். கேட்பது இத்தனை கூச்சமான காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மதாம்... அண்டா வேணும்" என்றேன், கதவு நிலையைப் பார்த்து.

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. உள்ளே போய் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். என்னைவிடப் பளபளப்பாகத் தேய்த்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மனசு நிறைந்தும் இருந்தது. ஒரு பக்கத்து வளையத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். வண்டி வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது. வெயிலில் அண்டா கண்ணைக் கூச வைத்தது. வளையம் கிணுகிணுவென்று தட்டிக்கொண்டே வந்தது.

சத்தம் கேட்டு வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன. அண்டா தெருவில் இறங்கினால் பார்க்கிறவர்கள் குரல் கொடுத்துக் கேட்பது எங்கள் வழக்கம். யாருக்குத் தெரியாமல் இருந்தது? தெருவெல்லாம் பத்திரிகை வைத்தாகிவிட்டது. இருந்தும் சரோஜா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அண்டா போவுதே! யாரு வூட்டு விசேஷம்?"

இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அண்டா என் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது. ஒரு தடவைகூட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முறை என்னுடையதாக இருந்ததில்லை. எனக்குக் கண் நிறைந்து தெரு மங்கலாகிவிட்டது. வளையத்தை விடாமல், தொண்டை கிழியக் கத்தினேன்.

"எங்க வூட்டுது!"